எடுத்த முட்டைகள், மீண்ட பறவை: மொரீசியஸ் கெஸ்ட்ரல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நாட்டுக்கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கோழி இடும் முட்டையை அன்றன்றைக்கு எடுத்துவிட்டு, கூடையில் ஒன்றை மட்டும் விட்டு வைத்தால், அது தொடர்ந்து இட்டுக்கொண்டே இருக்கும். எடுக்காமல் விட்டால், பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் அடை உட்கார்ந்துவிடும். அப்புறம் முட்டை நின்றுபோகும். இதை யாரும் பள்ளியில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. பாட்டி செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தாலே போதும்.

உலகத்திலேயே மிக அரிதான பறவை என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட மொரீசியஸ் கெஸ்ட்ரல் இன்று உயிரோடு இருப்பதற்கு, ஏறக்குறைய இதே அறிவுதான் காரணம். 1974 இல் காட்டில் எஞ்சியிருந்ததாக அறியப்பட்டவை நான்கே நான்கு. அவற்றில் முட்டையிடும் பெட்டை ஒன்றுதான். இருபது ஆண்டுக்குள் அந்த எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. பறவைப் பாதுகாப்பு பற்றிப் பேசும் எவரும் இந்தக் கணக்கைப் பெருமையோடு சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் கதை அந்த எண்ணிக்கையோடு முடியவில்லை. முட்டையை எடுக்கலாமா, எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்று எவ்வளவு பெரிதாக நின்றதோ, இன்றும் வேறொரு வடிவத்தில் அப்படியே நிற்கிறது. அதனால்தான் இந்த நிகழ்வை முதலிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

காற்றில் நிற்காத கெஸ்ட்ரல்

கெஸ்ட்ரல் என்றதும் நம் ஊரில் பறவை பார்ப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது சிவப்பு வல்லூறுதான். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வந்து, திறந்த வயல்வெளிகளிலும் புல்வெளிகளிலும் வேட்டையாடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் தங்கும் ஓர் உள்வகையும் உண்டு. அதன் அடையாளமே காற்றில் நிற்பதுதான். காற்றை எதிர்த்து முகத்தை வைத்து, வாலை விசிறியாக விரித்து, இறக்கைகள் படபடக்க ஒரே இடத்தில் தொங்கும். உடம்பு ஆடும், வால் திரும்பும், தலை மட்டும் ஆணி அடித்தது போல அசையாது. கீழே புல்லில் ஒரு எலியோ வெட்டுக்கிளியோ நகர்ந்தால், அந்த அசையாத கண்ணுக்கு அது தெரிந்துவிடும். படிப்படியாக இறங்கி, கடைசி நொடியில் கால் நீட்டிப் பாயும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மொரீசியஸ் கெஸ்ட்ரலும் அதே குடும்பம்தான். ஆனால் அது வாழ்ந்தது அடர்ந்த காட்டில். காட்டுக்குள் காற்றில் நின்று என்ன பயன்? கீழே தரையே தெரியாது. ஆகவே இந்தப் பறவை வேறு வழிக்குப் போனது. மற்றக் கெஸ்ட்ரல்களுக்கு இறக்கை நீண்டு கூராக இருக்கும்; இதற்குக் குட்டையாக, நுனி உருண்டு, நம்மூர் வைரியின் இறக்கை போல இருக்கும். மரங்களுக்கு நடுவே வெட்டித் திரும்பிப் பறக்க அந்த இறக்கைதான் தோது. உருவம் மைனாவுக்கும் மாடப்புறாவுக்கும் இடைப்பட்டது. முதுகு செம்பழுப்பு, மார்பும் வயிறும் வெள்ளை, அதில் கரும்புள்ளிகள். சிவப்பு வல்லூறில் ஆணுக்குத் தலை சாம்பல் நிறமாக இருப்பதால் ஆண் பெண் பிரித்துச் சொல்லிவிடலாம். இதில் இரண்டுக்கும் ஒரே நிறம். பெட்டை சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

அதன் முக்கிய உணவு பல்லி. நம் வீட்டுச் சுவரில் இரவில் வரும் சாம்பல் நிறப் பல்லி இல்லை. மொரீசியஸில் பகலில் நடமாடும் பல்லிகள் உண்டு. பச்சையும் நீலமும் சிவப்புப் பொட்டுமாக, வண்ணம் தீட்டியது போல இருக்கும். வெயில் ஏறியதும் மரத்தண்டிலும் இலையிலும் வந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். கெஸ்ட்ரல் கிளையில் அமர்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். பல்லி தென்பட்டதும் ஒரு குறுகிய பாய்ச்சல். பல்லியும் லேசுப்பட்டதல்ல, தண்டின் மறுபக்கம் சுற்றி ஓடி ஒளிந்துகொள்ளும். கெஸ்ட்ரல் கிளைமேல் ஓடியும் துரத்தும். தும்பி, சில்வண்டு, சிறு பறவைகள், சுண்டெலி எல்லாம் கிடைத்தால் விடாது. காடு அழிந்து திறந்துபோன இடங்களில் அது பிடிக்கும் இரைகளில் ஒன்று நமக்கு நன்கு பழக்கமானது: ஓணான். 1900 வாக்கில் கரும்புக் கரணைகளோடு தற்செயலாக அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்த அதே தோட்டத்து ஓணான்தான்.

பல்லிக்கு வெயில் வேண்டும், கெஸ்ட்ரலுக்குப் பல்லி வேண்டும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான்காகக் குறைந்தது எப்படி

மொரீசியஸ் பெரிய தீவு இல்லை. சுமார் 1,865 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 1598 இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அடுத்த நூறு ஆண்டுக்குள் டோடோ இல்லாமல் போனது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள், 1810 முதல் ஆங்கிலேயர்கள். கருங்காலி மரத்துக்காகவும் பின்னர் கரும்புக்காகவும் காடு வெட்டப்பட்டது. இன்று நல்ல நிலையில் இருக்கும் பூர்விகக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. கெஸ்ட்ரல் கூடு வைப்பது மரப்பொந்தில். பொந்து விழும் அளவுக்கு வயதான மரம் இருந்தால்தானே பொந்து இருக்கும்?

மிச்சமிருந்த பொந்துகளுக்கும் காவல் இல்லை. கப்பல்களோடு வந்த எலி, ஜாவாவிலிருந்து வந்த நீளவால் குரங்கு, பூனை எல்லாம் முட்டைக்கும் குஞ்சுக்கும் எமனாயின. கரும்புத் தோட்ட எலிகளை ஒழிக்க என்று 1900 வாக்கில் இந்தியாவிலிருந்து கீரியைக் கொண்டுபோய் விட்டார்கள். பறக்கப் பழகும் குஞ்சுகள் தரையில் தடுமாறி இறங்கும் பழக்கம் உள்ளவை. தரையில் கீரி இல்லாத ஒரு தீவில் தோன்றிய பறவைக்கு அதில் ஆபத்து இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. உள்ளூரில் இதற்கு 'மாஞ்ஜர் தெ பூல்' என்று பெயர், கோழி தின்னி. கால் கிலோகூட எடை இல்லாத பறவை கோழியைத் தூக்குவது நடக்காத காரியம். எப்போதாவது ஒரு கோழிக்குஞ்சை எடுத்திருக்கலாம். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது, பெயருக்காகவே சுட்டார்கள்.

கடைசி அடியைக் கொடுத்தது டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மருந்து என்று கருதப்படுகிறது. 1948 இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது தீவு முழுவதும் வீட்டுக்குள் டிடிடி தெளித்தார்கள். இதை எழுதும்போது நான் கவனமாக இருக்க விரும்புகிறேன். 1866-67 கொள்ளைநோயில் மொரீசியஸில் பல்லாயிரம் பேர் மலேரியாவால் செத்தார்கள். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு, அந்த நோயின் நடுவேதான் வாழ்ந்தார்கள். 1973 இல் அந்த நாடு மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. அந்த மருந்தைத் தெளித்தவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மருந்து சுவரோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. பூச்சி தின்னும் பல்லி, பல்லி தின்னும் கெஸ்ட்ரல் என்று மேலே ஏற ஏற நஞ்சு செறிவாகும். வல்லூறு இனங்களில் டிடிடியின் சிதைவுப் பொருள் முட்டை ஓட்டுக்குச் சேர வேண்டிய சுண்ணாம்பைத் தடுக்கிறது. ஓடு மெலிந்து, அடைகாக்க உட்காரும் தாயின் எடைக்கே உடைந்துபோகும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பொரி வல்லூறு அழியப் பார்த்ததும் இப்படித்தான். மொரீசியஸில் கெஸ்ட்ரல் வேகமாகக் குறைந்த காலமும் மருந்து தெளித்த காலமும் ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றன.

இதற்கு நடுவே, 1960 இல் கரோல் புயல். இருந்த கொஞ்சக் காட்டையும் அது முறித்துப் போட்டது.

ஒரு ஜோடி, ஒரு பாறை

1973 இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் மொரீசியஸுக்கு வந்தார். தீவின் தென்மேற்கில் உள்ள பிளாக் ரிவர் பள்ளத்தாக்கில்தான் எஞ்சிய பறவைகள் இருந்தன. சிலவற்றைப் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யவைக்க எடுத்த முதல் முயற்சி தோற்றது. அதே சமயம் காட்டில் வேறொன்று நடந்தது. 1974 பருவத்தில் எஞ்சியிருந்த ஒரே ஜோடி மரப்பொந்தை விட்டுவிட்டு, செங்குத்தான பாறையில் இருந்த ஒரு குழியில் கூடு வைத்தது. குரங்கு அங்கே ஏற முடியாது. குஞ்சுகள் பிழைத்துப் பறந்தன. பறவைகள் தாம் பிறந்தது போன்ற இடத்தையே பின்னால் கூடு வைக்கத் தேடும் என்பது டெம்பிளின் கருத்து. அப்படியானால் பாறையில் பிறந்தவை பாறையைத்தான் தேடும், மரத்தில் பிறந்தவற்றைவிட அதிகம் பிழைக்கும்.

எண்ணிக்கை மெல்ல ஒற்றை இலக்கத்தைத் தாண்டியது. ஆனாலும் உலகின் பார்வையில் இது முடிந்துபோன கதையாகத்தான் இருந்தது. 1979 இல் சூழலியலாளர் நார்மன் மையர்ஸ் வெளிப்படையாகவே எழுதினார்: கையில் இருக்கும் பணம் கொஞ்சம், இந்தக் கெஸ்ட்ரலைக் கைவிட்டுவிட்டு, பிழைக்க வாய்ப்புள்ள மற்றப் பறவைகளுக்குச் செலவிடலாமே என்று. அதைக் கொடூரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்பத்திரியில் கடைசிப் படுக்கையை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி போன்றது அது. அவர் கணக்கு தவறாகப் போனது என்பது நமக்கு இன்று தெரியும். அன்று யாருக்கும் தெரியாது.

அதே 1979 இல் கார்ல் ஜோன்ஸ் வந்தார். வேல்ஸ் நாட்டுக்காரர், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். அவரை அனுப்பிய சர்வதேசப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு சொன்ன வேலை, திட்டத்தை மூட்டை கட்டி உள்ளூர் அரசிடம் ஒப்படைத்துவிட்டு வருவது. அவர் மூட்டை கட்டவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தீவோடு வாழ்க்கையைப் பிணைத்துக்கொண்டார். விலங்குப் பாதுகாவலர் ஜெரால்ட் டரலின் ஜெர்சி அறக்கட்டளை பின்னால் நின்று தாங்கியது. என் பார்வையில் இந்தக் கதையில் பட்டத்தைவிட முக்கியமான ஒரு தகுதி ஜோன்ஸுக்கு இருந்தது. சிறு வயதிலேயே அடிபட்ட பறவைகளை வீட்டுத் தோட்டத்தில் வைத்துத் தேற்றியவர் அவர். கெஸ்ட்ரல் பசியாக இருந்தால் எப்படி உட்காரும், அடைக்குத் தயாரானால் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும்.

முட்டையை எடுத்தல்

கெஸ்ட்ரல் கோழி போல நாள்தோறும் இடும் பறவை அல்ல. மொரீசியஸ் கெஸ்ட்ரல் பொதுவாக மூன்று முட்டை இடும். முடிந்ததும் அடை உட்காரும். சுமார் 30 நாளில் பொரிக்கும். ஆனால் அடைகாப்பின் தொடக்கத்திலேயே முட்டைகள் மொத்தமாகப் பறிபோனால், பெட்டை இரண்டு வாரம் போல இடைவெளி விட்டு மறுபடியும் இடும். புயலும் திருட்டும் உள்ள உலகத்தில் இயற்கை கொடுத்திருக்கும் இரண்டாவது வாய்ப்பு அது. அதை வேண்டுமென்றே பயன்படுத்தினால், ஒரு பருவத்தில் மூன்று முட்டை கிடைக்கிற இடத்தில் ஆறு கிடைக்கும். முதல் மூன்றை இன்குபேட்டரில் பொரிக்க வைக்கலாம். அடுத்த மூன்றைத் தாயே பார்த்துக்கொள்ளும்.

எழுதும்போது இது எளிதாகத்தான் இருக்கிறது. உலகில் மிச்சமிருக்கும் சில ஜோடிகளில் ஒன்றின் கூட்டுக்கு, செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி ஏறி, முட்டையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். கை தவறினால், மின்சாரம் போனால், தாய் மறுபடி இடாமல் போனால் என்ன செய்வது? ஒரு இனத்தின் அழிவில் உன் பெயர் எழுதப்படும். ஒதுங்கி நின்று கணக்கெடுத்துக் கட்டுரை எழுதினால் யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள். பறவை அழிந்தால் அது இயற்கையின் கணக்கில் போகும். தொட்டவன்தான் பழியைச் சுமப்பான். அந்தப் பழிக்கு அஞ்சி ஒதுங்காமல் தொட்டதுதான் இந்த நிகழ்வின் மையம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தொடவில்லை. இந்த முறை ஏற்கெனவே வேறு வல்லூறுகளில் தேர்ந்த ஒன்று. டிடிடியால் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பொரி வல்லூறு இல்லாமல் போனபோது, டாம் கேட் என்பவர் 1970 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவற்றைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கினார். அவர் நிறுவிய பெரக்ரின் ஃபண்ட் தன் அனுபவத்தை மொரீசியஸுக்குக் கொடுத்தது. பின்னாளில் அமெரிக்காவில் உள்ள அதன் மையத்திலும் மொரீசியஸ் கெஸ்ட்ரல்கள் வளர்க்கப்பட்டன.

வல்லூறு முட்டையை இன்குபேட்டரில் பொரிக்க வைப்பவர்கள் சொல்லும் சூட்சுமங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எடைக் கணக்கு. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அடைக்காலத்தில் அவற்றின் வழியே ஈரம் ஆவியாக வேண்டும். தொடக்க எடையில் ஏறக்குறைய 15 சதவீதம் குறைய வேண்டும். அதிகம் குறைந்தால் குஞ்சு வறண்டு சாகும். குறையாமல் போனால், உள்ளே காற்றறை போதாமல் பொரியும் நேரத்தில் மூச்சு முட்டிச் சாகும். ஆகவே ஒவ்வொரு முட்டையையும் அடிக்கடி தராசில் நிறுத்து, காற்றின் ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் சரி செய்வார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ரத்த நாளம் படர்கிறதா, கூமுட்டையா என்று பார்ப்பார்கள். முதல் ஏழெட்டு நாள் தாயின் வயிற்றுச் சூட்டில் இருந்த முட்டை, நேராக எந்திரத்துக்குப் போனதைவிட நன்றாகப் பொரியும். எந்திரம் எவ்வளவு நுட்பமானாலும் தாயின் முதல் வாரத்துக்கு ஈடில்லை.

இன்னொரு பக்கம், காட்டில் இருந்த ஜோடிகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். வெள்ளெலிகளைக் கொடுத்துப் பழக்கினார்கள். ஆண் கெஸ்ட்ரல்தான் இனப்பெருக்கக் காலத்தில் இரை பிடித்து வந்து பெட்டைக்கு ஊட்டும். பெட்டை இடப்போகும் முட்டையின் தரம் அந்த ஊட்டத்தைப் பொறுத்தது. வெள்ளெலி வந்ததும் ஆணின் பாடு குறைந்தது; பெட்டைக்கு உடம்பில் தெம்பு ஏறியது; முட்டை எடுத்த பிறகு மறுபடி இடுவதற்கான வலுவும் கிடைத்தது. காட்டுப் பறவைக்குக் கையால் உணவிடுவதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். சினையாட்டுக்குக் கூடுதல் தீவனம் வைக்கும் எவருக்கும் இதில் வியப்பில்லை.

வெளியே விட்டபோது

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சைக் காட்டில் விடுவது தனிக் கலை. பறக்கத் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு குஞ்சுகளைக் கூட்டாக ஒரு பெட்டியில் வைத்துக் காட்டில் ஏற்றி வைப்பார்கள். முகப்பில் கம்பி வலை. உள்ளிருந்தே அவை அந்த இடத்தைப் பார்த்துப் பழகும். பிறகு வலையைத் திறந்துவிடுவார்கள். சுற்றிப் பறந்து, விழுந்து எழுந்து, சில வாரம் பெட்டிக்கே வந்து சாப்பிடும். வேட்டை கைவந்ததும் தானாக வருவதை நிறுத்திவிடும். சில குஞ்சுகளைக் காட்டு ஜோடிகளின் கூட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். வளர்ப்புப் பெற்றோர் வித்தியாசம் பார்க்கவில்லை. விடும் இடத்தைச் சுற்றிக் கீரிக்கும் பூனைக்கும் பொறி வைத்தார்கள். பொந்துள்ள மரம் இல்லாத இடத்தில் மரப்பெட்டிகளைக் கூடாகப் பொருத்தினார்கள்.

பத்தே ஆண்டில், 1993-94 பருவம் முடிவதற்குள், 333 பறவைகள் விடப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கூண்டுப் பெற்றோருக்குப் பிறந்தவை. மற்றவை காட்டுக் கூடுகளிலிருந்து எடுத்த முட்டைகளில் வந்தவை. அந்தப் பருவத்தின் முடிவில் காட்டில் 222 முதல் 286 வரை பறவைகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். விடுவிப்பதை அத்தோடு நிறுத்தினார்கள். அதே 1994 இல் பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது.

யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பூர்விகக் காட்டுப் பறவை, காடு போனால் அதுவும் போகும் என்றுதான் நினைத்திருந்தார்கள். விட்ட பறவைகளோ அயல் மரங்கள் மண்டிய இடத்திலும் காட்டோரத்திலும் குடியேறின. ஓணானைப் பிடித்தன, பெட்டியில் கூடு வைத்தன. 1950களிலிருந்து கெஸ்ட்ரலே இல்லாத கிழக்குப் பகுதி பாம்பு மலைத்தொடரில் (மூங்கிலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் வந்த பெயர், நம் பாம்பு இல்லை) 1987 முதல் விட்டவை நிலைத்துவிட்டன.

இதே கைமுறைகள் பின்னர் அதே தீவின் இளஞ்சிவப்புப் புறாவையும் எக்கோ கிளியையும் காப்பாற்றின. 2016 இல் ஜோன்ஸுக்கு விலங்குப் பாதுகாப்புக்கான இண்டியானாபொலிஸ் பரிசு கிடைத்தது.

எண்ணிக்கைக்குள் இல்லாதவை

2000 இல் 'நேச்சர்' இதழில் ஜிம் குரூம்பிரிட்ஜும் அவரோடு பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அருங்காட்சியகங்களில் பதப்படுத்தி வைத்திருந்த பழைய மொரீசியஸ் கெஸ்ட்ரல்களின் மரபணுவை எடுத்து, இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டார்கள். சிலவற்றின் வயது 170 ஆண்டு வரை. பழைய பறவைகளில் இருந்த மரபணு வேறுபாடுகளில் பெரும்பகுதி இன்று இல்லை. 1974 இல் முட்டையிட்டது ஒரே ஒரு காட்டு ஜோடி. இன்றுள்ள பறவைகள் அந்த ஊசிமுனை வழியாக வந்தவை. நூறாகப் பெருகினாலும் இருநூறாகப் பெருகினாலும், சொத்து அந்த ஜோடி கொண்டுவந்ததுதான். தொலைந்துபோன வேறுபாட்டை எந்த இன்குபேட்டராலும் பொரிக்க முடியாது.

இதற்கு மேல் நிலமும் பிரித்து வைக்கிறது. மேற்கில் ஒரு கூட்டம், கிழக்கில் ஒரு கூட்டம், நடுவில் கரும்பு. இந்தப் பறவைகள் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குடியேறும் சுபாவம் உள்ளவை. திறந்த வெளியைத் தாண்டிப் போவதில்லை. மோக்கா மலைப் பகுதியில் விட்டவை நிலைக்காமல் மறைந்துபோயின.

காடும் உள்ளிருந்து மாறிக்கொண்டிருக்கிறது. வெட்டுவதை நிறுத்திவிட்டால் போதும் என்று நாம் நினைக்கிறோம். அங்கே சீனக்கொய்யா அடர்ந்து, பூர்விக மரத்தின் கன்றுகளை எழவிடுவதில்லை. கிழக்கில் விசிறிவாழை மலைச்சரிவை மூடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். ஆனால் பல்லி ஏறும் தண்டும், கெஸ்ட்ரல் பாயும் இடைவெளியும், பொந்து விழும் வயதான மரமும் அந்தப் பச்சையில் இல்லை.

2014 இல் ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் தன் பட்டியலில் இந்தப் பறவையை 'அழிவாய்ப்பு இனம்' என்ற நிலையிலிருந்து 'அருகிய இனம்' என்ற மோசமான நிலைக்கு மறுபடி மாற்றியது. உச்சத்துக்குப் பிறகு எண்ணிக்கை இறங்கியிருந்தது. இன்றும் உள்ளவை சில நூறு பறவைகளே. மொரீசியஸ் அரசு 2022 இல் இதைத் தேசியப் பறவையாக அறிவித்தது. சின்னத்தில் டோடோவை வைத்திருக்கும் ஒரு நாடு, தேசியப் பறவையாக உயிரோடு இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

மழை தள்ளிப்போடும் முட்டை

கிழக்கு மலைத்தொடரில் விட்ட நாளிலிருந்து, பிறக்கும் குஞ்சுகளுக்குக் காலில் வளையம் போட்டு, ஒவ்வொரு கூட்டையும் குறித்து வருகிறார்கள். எந்தப் பெட்டை எங்கே பிறந்தது, எப்போது முட்டையிட்டது, எத்தனை பறந்தன, எப்போது காணாமல் போனது என்று தலைமுறை தலைமுறையாக ஏடு இருக்கிறது. ஒரு காட்டுப் பறவைக்கு இப்படி ஜாதகம் கணித்து வைத்திருப்பது அபூர்வம். ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளையோடு சேர்ந்து அந்த ஏட்டைப் படித்ததில் இரண்டு செய்திகள் வெளிவந்தன. எண்ணிக்கையைவிட இவைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன.

ஒன்று மழை பற்றியது. 2011 இல் வெளியானது. அங்கே இனப்பெருக்கக் காலம் செப்டம்பரில் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் மழை பெய்யும் நாட்கள் அதிகரித்து வருகின்றன. அப்படிப்பட்ட ஆண்டுகளில் பெட்டைகள் முட்டையிடுவதைத் தள்ளிப்போடுகின்றன. முன்னே சொன்ன வரி இங்கேதான் வந்து சேர்கிறது. மழை பெய்தால் பல்லி வெளியே வராது; பல்லி வராவிட்டால் ஆண் கொண்டுவர ஒன்றுமில்லை; பெட்டைக்கு முட்டை திரளாது. நான் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தாமதமாக இட்ட முட்டை தாமதமாகப் பொரிக்கும். அதற்குள் ஆண்டின் கனமழைக் காலம் வந்துவிடும். வளரும் குஞ்சுக்கு மறுபடி இரை குறையும். தொடக்கத்திலும் மழை, முடிவிலும் மழை, நடுவில் சுருங்கிக்கொண்டே வரும் ஒரு வெயில் இடைவெளி.

இரண்டாவது, 2014 இல் வெளியானது. விவசாய நிலம் அதிகம் உள்ள இடத்தில் பிறந்த பெட்டைகள் வாழ்வில் சீக்கிரமே இனப்பெருக்கத்தில் இறங்குகின்றன, சீக்கிரமே சாகின்றன. வளர்ந்த பிறகு நல்ல காட்டுக்குப் போய்க் குடியேறினாலும் அந்தப் போக்கு மாறுவதில்லை. குஞ்சாக இருந்த ஐந்தாறு வாரத்தில் கூட்டைச் சுற்றி என்ன இருந்ததோ, அது ஆயுள் முழுக்கக் கூடவே வருகிறது. பெட்டி வைத்தோம், கூடு வைத்தது, குஞ்சு பறந்தது என்று நாம் கணக்கை முடிக்கும் இடத்தில் பறவைக்குக் கணக்கு முடியவில்லை.

ஆகவே 1994 இல் விடுவிப்பதை நிறுத்தியது சரியா என்று சிலர் கேட்கிறார்கள். சரிதான் என்பது என் எண்ணம். என்றென்றைக்கும் கூண்டிலிருந்து நிரப்பிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் விடுவிப்பதை நிறுத்துவது வேறு, கையை எடுத்துவிடுவது வேறு. பெட்டிகளைப் புயலுக்குப் பின் சரி செய்ய வேண்டும். கீரிக்குப் பொறி வைக்க வேண்டும். சீனக்கொய்யாவை வேரோடு பிடுங்கி, பூர்விக மரக்கன்று நட வேண்டும்; அந்த மரத்தில் பொந்து விழ ஒரு மனித ஆயுளுக்கு மேல் ஆகும். அதுவரை பெட்டிதான் மரம்.

மேற்கையும் கிழக்கையும் சேர்க்கும் வேலையும் இருக்கிறது. கரும்புக்கு நடுவே மரவரிசை வளர்ந்து பறவை தானாகக் கடக்கும் வரை காத்திருக்கலாம். அதற்குள் இரண்டு பக்கமும் உறவுக்குள்ளேயே இணைந்து இன்னும் மெலியலாம். மற்றொரு வழி பழைய வழி. மேற்கே பாறைக் கூட்டிலிருந்து செப்டம்பர், அக்டோபரில் முதல் மூன்று முட்டைகளை எடுத்து, கிழக்கே ஒரு பெட்டியில் அடை உட்கார்ந்திருக்கும் வேறொரு தாயின் கீழ் வைப்பது. மேற்கில் இருக்கும் பெட்டை இரண்டு வாரத்தில் மறுபடி இடும், பல்லிக்கு வெயில் இருந்தால்.